தாவீது அனுப்பினான்: பழைய ஏற்பாட்டுக் கதையை எபிரெயத்தில் படிக்கும் போதகருக்கு என்ன கிடைக்கிறது?

சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 11ஆம் அதிகாரத்தில் 27 வசனங்கள் இருக்கின்றன. கர்த்தர் என்ற பெயர் அதில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் கடைசி வசனத்தின் கடைசி வரியில். அதற்குள் ஒரு ராஜா ஒரு பெண்ணைப் பார்க்கிறான், யார் என்று விசாரிக்கிறான், ஆள் அனுப்புகிறான். அவள் கர்ப்பமாகிறாள். அவள் கணவன் போர்க்களத்தில் சாகிறான். துக்க நாட்கள் முடிகின்றன, கல்யாணம் நடக்கிறது, பிள்ளையும் பிறக்கிறது. இவ்வளவு நடந்தும் கதை சொல்பவர் எங்கேயும் நின்று "இது பாவம்" என்று சொல்லவில்லை. நம் பிரசங்கங்களோ முதல் நிமிடத்திலேயே அதைச் சொல்லிவிடுகின்றன. சபை தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. கதையை யாரும் கேட்கவில்லை.

எபிரெயம் படித்த போதகரிடம் சபை பொதுவாக எதிர்பார்ப்பது வேறு. "மூல மொழியில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று ஆரம்பித்து, தமிழ் வேதாகமத்தில் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு ரகசியத்தை அவர் எடுத்துக் காட்ட வேண்டும். மூல மொழிச் சொற்களுக்கு இடப்பட்ட ஸ்ட்ராங் எண்களைப் பார்த்து, வேர்ச்சொல்லைப் பிடித்து, அதன் எல்லா அர்த்தங்களையும் ஒரே வசனத்தில் கொட்டுகிற பிரசங்கங்கள் இதிலிருந்துதான் வருகின்றன. ஒரு சொல்லின் பொருளை வேர்ச்சொல் தீர்மானிப்பதில்லை, அது வாக்கியத்தில் எப்படிப் பயன்படுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை ஜேம்ஸ் பார் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1961இலேயே விரிவாக எழுதிக் காட்டிவிட்டார். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் பிரசங்க மேடை அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பழைய ஏற்பாட்டுக் கதைகளை எபிரெயத்தில் படிப்பதன் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கதை சொல்பவர் எதை வேகமாகக் கடக்கிறார், எங்கே நடையை மாற்றுகிறார், எந்த வினையைத் திரும்பத் திரும்ப வைக்கிறார், யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதெல்லாம் அப்போது கண்ணில் படும். அதைவிட முக்கியமாக, அவர் சொல்லாததை நாம் சேர்த்துச் சொல்கிறோம் என்பதும் தெரியவரும். தாவீது ராஜா, அவன் பார்த்த பத்சேபாள், அவள் கணவன் உரியா ஆகியோரின் கதையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதலில் எபிரெயக் கதை நடையைப் பற்றிக் கொஞ்சம். எபிரெயக் கதையில் செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றுவினைகளாகவே நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் "வ" என்ற இணைப்பு ஒட்டியிருக்கும். வினை முதலில் வரும், எழுவாய் பின்னால் வரும். "எழுந்தான் தாவீது, உலாவினான், கண்டான்" என்று சங்கிலி போல ஓடும். தமிழ் இதே இடத்தில் வினையெச்சத்தைத் தேடும்: "எழுந்து, உலாவி, கண்டான்." தமிழில் கடைசி வினைக்குத்தான் முழு எடை. எபிரெயத்தில் ஒவ்வொரு வினைக்கும் தனி எடை உண்டு. இந்தச் சங்கிலியை விட்டுக் கதை சொல்பவர் ஒதுங்க நினைத்தால், எழுவாயை முன்னால் கொண்டுவந்து நடையை உடைப்பார். அந்த உடைப்பு வரும் இடத்தில் வாசகர் நிற்க வேண்டும்.

11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அப்படி ஓர் உடைப்பு இருக்கிறது. தாவீது தன் படைத்தலைவன் யோவாபை அனுப்பினான், அவர்கள் அம்மோன் புத்திரரை அழித்தார்கள், அவர்களுடைய நகரமான ரப்பாவை முற்றுகையிட்டார்கள் என்று மூன்று வினைகள் சங்கிலியாக வருகின்றன. உடனே சங்கிலி அறுந்து, தாவீதின் பெயர் முன்னுக்கு வருகிறது: தாவீது எருசலேமில் உட்கார்ந்துகொண்டிருக்கிறான். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம் என்று வசனத்தைத் தொடங்கிவிட்டு, கடைசியில் புறப்படாத ராஜாவைக் காட்டுகிறார். கண்டனம் என்று ஒரு சொல்லும் இல்லை, வாக்கிய அமைப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் இதை அழகாகப் பிடித்திருக்கிறது: "தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான்." அந்த ஓகாரம் ஒன்றே போதும். எபிரெயம் சொல் வரிசையால் செய்ததைத் தமிழ் ஓர் இடைச்சொல்லால் செய்திருக்கிறது.

இதே வசனத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. "ராஜாக்கள்" என்று நாம் படிக்கும் சொல்லில், மசோரெத்து எழுத்தில், அதாவது யூத மரபு காத்துத் தந்த எபிரெயப் பிரதியில், ஆலெஃப் என்ற எழுத்து கூடுதலாக நிற்கிறது. அதையும் சேர்த்துப் படித்தால் "தூதர்கள்" என்று வரும். முதலாம் நாளாகமம் 20:1இல் உள்ள இணை வசனத்தில் அந்த எழுத்து இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் ராஜாக்கள் என்றே சொல்கிறது. ராஜாக்கள் என்பதே சரியான வாசிப்பு என்றுதான் எனக்கும் படுகிறது. ஒரு எழுத்தை நம்பி முழுப் பிரசங்கத்தைக் கட்ட வேண்டாம். ஆனால் தூதர்கள் போவதும் வருவதுமாக இருக்கிற ஓர் அதிகாரத்தின் வாசலில் இப்படி ஓர் எழுத்து நிற்கிறது என்பதைப் போதகர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஏனென்றால் இந்த அதிகாரத்தை ஓட்டிச் செல்லும் வினையே "அனுப்பு" என்பதுதான். எபிரெயத்தில் "ஷாலக்". தாவீது யோவாபை அனுப்புகிறான். அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்க அனுப்புகிறான். அவளைக் கொண்டுவர ஆட்களை அனுப்புகிறான். அவள் செய்தி அனுப்புகிறாள். 6ஆம் வசனத்தில் மட்டும் மூன்று தடவை: யோவாபுக்குச் சொல்லி அனுப்புகிறான், "உரியாவை என்னிடம் அனுப்பு" என்கிறான், யோவாப் அனுப்புகிறான். உரியாவைப் போரில் சாகவிடச் சொல்லி யோவாபுக்கு எழுதிய கடிதத்தை உரியாவின் கையிலேயே அனுப்புகிறான். எல்லாம் முடிந்தபின் ஆள் அனுப்பி அவளைத் தன் வீட்டுக்குச் சேர்த்துக்கொள்கிறான். அதிகாரம் முழுக்க எண்ணினால் 12 இடங்கள். ஆட்சி அதிகாரம் என்றால் இதுதான்: இருந்த இடத்திலிருந்து அசையாமல் மற்றவர்களை நகர்த்துவது. இதை யாரும் விளக்கவில்லை, ஒரே வினையை 12 தடவை கேட்கிற காது தானாகப் புரிந்துகொள்கிறது. அப்புறம் 12ஆம் அதிகாரத்தின் முதல் வரி: கர்த்தர் தீர்க்கதரிசி நாத்தானைத் தாவீதிடம் அனுப்பினார். அதே வினை, ஆனால் இப்போது அனுப்புகிறவர் வேறு.

இப்படித் திரும்ப வரும் சொற்களைக் கதையின் வழிகாட்டிகளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர் யூத சிந்தனையாளர் மார்ட்டின் பூபர். அவரும் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் 1925 முதல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பு, எபிரெயத்தில் ஒரே சொல் வருகிற இடத்தில் ஜெர்மனிலும் ஒரே சொல்லை வைக்க முயன்றது. அது படிக்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும். சாதாரண மொழிபெயர்ப்பு அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. அந்தந்த இடத்துக்கு இயல்பான சொல்லைத்தான் அது தேடும். தமிழிலும் அதுதான் நடந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் இறந்தார். சாமுவேலின் புத்தகங்களுக்கு அவர் கை வந்து சேரவேயில்லை. ஷூல்ட்சே அதை முடித்தார், பாப்ரீஷியஸ் புதிதாக மொழிபெயர்த்தார், 1871இல் வெளிவந்த திருத்தத்துக்கு ஹென்றி பவர் தலைமை தாங்கினார். தலைமுறை தலைமுறையாக இவர்கள் தேடியது தமிழ் காதுக்குப் பொருந்தும் வாக்கியத்தை. அதனால் சில எதிரொலிகள் கேட்காமல் போயின. இது குற்றச்சாட்டு இல்லை. மூல மொழியைப் படிக்கிறவர் எங்கே காது கொடுக்க வேண்டும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

4ஆம் வசனத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இந்தக் கதையின் மையம் அதுதான். எபிரெயத்தில் வினைகள் இப்படி வருகின்றன: ஆட்களை அனுப்பினான், அவளை எடுத்தான், அவனிடம் வந்தாள், அவளோடு படுத்தான், தன் வீட்டுக்குத் திரும்பினாள். வேகம் அப்படி. ஆசை, பயம், பேச்சு எதுவும் இல்லை. நடுவில் ஒரே ஓர் இடத்தில் சங்கிலி உடைகிறது: "அவளோ தன் தீட்டிலிருந்து சுத்திகரித்துக்கொண்டிருந்தாள்." எழுவாய் முன்னால், வினையெச்சம் போன்ற ஒரு வடிவம் பின்னால். அடுத்து நடந்த செயலைச் சொல்லும் அமைப்பு இது இல்லை, பின்னணி நிலையைச் சொல்லும் அமைப்பு. அவள் மாதத் தீட்டு முடிந்து சுத்தமானவள், ஆகவே பிறக்கப்போகும் பிள்ளை உரியாவுடையதாக இருக்க வழியில்லை என்று கதை சொல்பவர் நமக்குத் தகவல் தருகிறார் என்றே பல விளக்கவுரையாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைப் "பிற்பாடு" என்று தொடங்கி, உறவுக்குப் பின் நடந்த செயலாகத் தருகிறது. எபிரெய வாக்கியத்தை அப்படிப் படிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் படித்தால் அடுத்த வசனத்துக்கு அது போடுகிற அடித்தளம் கண்ணில் படாமல் போகும். அடுத்த வசனம், அவள் கர்ப்பமானாள்.

அதே வசனத்தில் "எடுத்தான்" என்ற வினை, தமிழில் "அழைத்து வரச்சொன்னான்" என்று மரியாதையாக மாறியிருக்கிறது. எபிரெயத்தில் அது "லாகக்", கையில் எடுக்கும் எல்லாவற்றுக்கும் உரிய சாதாரணச் சொல். பெண்ணை மனைவியாக எடுப்பதற்கும் அதுதான் சொல். எனவே அதற்குள்ளேயே வன்முறை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதன் பலம் அது திரும்ப வரும் இடங்களில் இருக்கிறது. நாத்தான் சொல்லும் கதையில் பணக்காரன் ஏழையின் ஆட்டுக்குட்டியை "எடுத்தான்". நாத்தான் தாவீதிடம், "அவன் மனைவியை நீ எடுத்தாய்" என்கிறார். தண்டனையில் கர்த்தர், "உன் மனைவிகளை நான் எடுப்பேன்" என்கிறார். இன்னும் பின்னால் போனால், இஸ்ரவேல் ராஜாவைக் கேட்ட நாளில் சாமுவேல் எச்சரித்தது: ராஜா உங்கள் குமாரரை எடுப்பான், குமாரத்திகளை எடுப்பான், வயல்களை எடுப்பான், வேலைக்காரரை எடுப்பான். முதலாம் சாமுவேல் 8ஆம் அதிகாரத்தின் அந்தப் பேச்சில் ஒரே வினை நான்கு தடவை. அந்த எச்சரிக்கை முதல் ராஜா சவுலின் நாட்களோடு முடிந்துவிடவில்லை, தாவீதின் அரண்மனை வரை வருகிறது. இதைப் பார்த்த போதகர் இந்தக் கதையைத் "தனி மனிதனின் இச்சை" என்ற தலைப்போடு நிறுத்த மாட்டார். அதிகாரத்தில் இருக்கிறவர்களைப் பற்றி, அதாவது முதலில் தன்னைப் பற்றி, பேசித்தான் ஆக வேண்டியிருக்கும்.

எடுத்துக்கொள்கிற ராஜாவுக்கு எதிரே கதை சொல்பவர் உரியாவை நிறுத்துகிறார். உரியா ஏத்தியன், ஆனால் அவன் பெயரில் இஸ்ரவேலின் கடவுளுடைய பெயர் இருக்கிறது. தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் (23:39) கடைசிப் பெயர் அவனுடையது. சாக்கடல் பக்கத்தில் கும்ரானின் 4ஆம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளில், 11:3இல் அவன் பெயரோடு "யோவாபின் ஆயுததாரி" என்ற குறிப்பும் இருக்கிறது; யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் அதையே சொல்கிறார். சாமுவேல் புத்தகங்களின் மரபு எபிரெயப் பிரதியில் சேதங்கள் அதிகம் என்பதால், இங்கே அந்தச் சுருளுக்கு நல்ல மதிப்பு உண்டு.

தாவீது அவனை வரவழைத்து யோவாபின் "ஷாலோம்", மக்களின் "ஷாலோம்", யுத்தத்தின் "ஷாலோம்" என்று மூன்று தடவை நலம் விசாரிக்கிறான். உரியா என்ன பதில் சொன்னான் என்று கதையில் இல்லை. கேட்டவனுக்குப் பதில் தேவைப்படவில்லை என்பதால் கதை சொல்பவரும் எழுதவில்லை என்று நான் நினைக்கிறேன். உடனே, "உன் வீட்டுக்கு இறங்கிப் போ." அவன் இறங்கிப் போகவில்லை. அந்த மறுப்பு 9ஆம் வசனத்தில் ஒன்று, 10இல் இரண்டு, 13இல் ஒன்று என்று நான்கு தடவை வருகிறது. காரணம் கேட்டால் உரியா சொல்லும் பதில்தான் அதிகாரத்திலேயே கனமான பேச்சு: உடன்படிக்கைப் பெட்டியும் இஸ்ரவேலும் யூதாவும் கூடாரங்களில் இருக்க, நான் என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குடித்து என் மனைவியோடு படுப்பேனா? இதில் "இருக்க" என்பது முதல் வசனத்தில் தாவீது எருசலேமில் "உட்கார்ந்திருந்த" அதே வினை.

சாப்பிடுவது, குடிப்பது, படுப்பது. மறுநாள் தாவீது அவனைத் தன் முன்னால் சாப்பிட்டுக் குடிக்க வைத்து வெறியேற்றுகிறான். அவன் வெளியே போய்ப் படுக்கிறான், வீட்டில் இல்லை, வேலைக்காரரோடு. அதே மூன்று வினைகள். இதன்பின் 12:3இல் நாத்தான் அந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறார்: அவன் கவளத்தில் சாப்பிடும், அவன் கிண்ணத்தில் குடிக்கும், அவன் மடியில் படுக்கும். உரியாவின் வாயிலிருந்து வந்த மூன்று வினைகளும் அதே வரிசையில் தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வருகின்றன. தமிழில் மனிதன் புசிப்பான், ஆடு தின்னும். மனிதன் சயனிப்பான், ஆடு படுக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், அந்தச் சரியே எதிரொலியை மூடிவிட்டது. எபிரெயத்தில் தாவீது தன் தீர்ப்பைச் சொல்வதற்கு முன்பே, செத்துப்போன உரியாவின் வார்த்தைகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆனாலும் அடையாளம் தெரியவில்லை. "உயிரோடிருக்கிற கர்த்தர்மேல் ஆணை, அந்த மனிதன் சாக வேண்டியவன்" என்று கத்துகிறான்.

இந்த இடத்தைப் பிரசங்கிக்கிறவர் நாத்தானின் உவமையைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் உரியா மறைந்துவிடுவான். 11ஐயும் 12ஐயும் சேர்த்துச் சத்தமாக வாசித்தாலே போதும். அந்த மூன்று வினைகளையும் தமிழிலும் ஒரே சொற்களில் சொல்லி வாசித்துப் பாருங்கள். விளக்கவே தேவையில்லை, சபை புரிந்துகொள்ளும்.

கதையின் திருப்பங்களில் பேச்சு மிகச் சுருக்கம். பத்சேபாள் இந்த இரண்டு அதிகாரங்களிலும் பேசுவது இரண்டே சொல்: "ஹாரா ஆனோகி", நான் கர்ப்பவதி. நாத்தான் குற்றத்தைச் சுட்டுவது இரண்டே சொல்: "அத்தா ஹாஈஷ்", நீயே அந்த மனுஷன். தாவீதின் அறிக்கையும் எபிரெயத்தில் இரண்டே சொல், கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவம் செய்தேன். அந்த அறிக்கைக்குப் பின், வசனத்தின் நடுவிலேயே, மசோரெத்து மரபு ஓர் இடைவெளி விட்டு எழுதுகிறது. இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. முதல் இரண்டு வாக்கியங்களிலும் எபிரெயத்தில் வினையே இல்லை, தமிழிலும் தேவையில்லை. ஆங்கிலத்துக்கு அங்கே ஒரு துணைவினை வேண்டும். நம் இறையியல் கல்லூரிகளில் எபிரெயம் பெரும்பாலும் ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் வழியாகத்தான் வருகிறது. மாணவர் எபிரெய வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் பிரசங்கம் எழுதுகிறார். நடுவில் இருக்கிற அந்தப் படியை எடுத்துவிட்டால், வினையில்லா வாக்கியம், ஓகாரத்தின் அழுத்தம், சொல்லை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வழக்கம் எல்லாம் நேராகத் தமிழுக்கு வரும். எபிரெய வகுப்பில் தமிழிலேயே குறிப்பெடுங்கள் என்று மாணவர்களிடம் எப்போதும் கெஞ்சுவேன்.

சரி, கதை சொல்லாமல் விட்டவற்றுக்கு வருவோம். ஊழியத்தில் இதுதான் மிகவும் ஆபத்தான இடம்.

பத்சேபாள் மொட்டைமாடியில் குளித்தாள், ராஜாவின் கண்ணில் பட வேண்டும் என்றே குளித்தாள் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்? 11:2இல் மாடியில் உலாவுவது தாவீது. மாடியிலிருந்து பார்ப்பதும் தாவீது. அவள் எங்கே குளித்தாள் என்று கதை சொல்லவே இல்லை. நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் "உப்பரிகையின்மேலிருந்து கண்டான்" என்றுதான் இருக்கிறது. அவள் மனதில் என்ன இருந்தது, ஆட்கள் வாசலில் வந்து நின்றபோது என்ன சொன்னாள், எதுவும் இல்லை. அவள் பெயரே 3ஆம் வசனத்தில் ஒரு தடவை வந்து, அதன்பின் 12:24 வரை காணாமல் போகிறது. நடுவில் அவள் "அந்த ஸ்திரீ", "உரியாவின் மனைவி". தாவீது அவளைத் தன் வீட்டில் சேர்த்து மனைவியாக்கிய பிறகும், 12:15இல் கதை சொல்பவர் "உரியாவின் மனைவி" என்றே எழுதுகிறார். நாத்தான் அவள்மேல் ஒரு குற்றமும் சுமத்தவில்லை. உவமையில் அவள் ஆட்டுக்குட்டி.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 13ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமாரை அவன் மகன் அம்னோன் பலவந்தம் செய்யும்போது, எபிரெயம் வெளிப்படையான வினைகளைப் பயன்படுத்துகிறது: அவளைப் பிடித்தான், அவளைவிட பலங்கொண்டான், அவளை அவமானப்படுத்தினான். தாமார் மறுத்துப் பேசியதும் பதிவாகியிருக்கிறது. 11ஆம் அதிகாரத்தில் அந்த வினைகள் இல்லை. ராஜா ஆள் அனுப்பி எடுக்கும்போது மறுக்க ஒரு பெண்ணுக்கு என்ன வாய்ப்பு இருந்தது என்ற கேள்வியை வாசகர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவள் உள்ளத்தைப் பற்றிக் கதை காக்கிற மௌனத்தை "மயக்கினாள்" என்று நிரப்புவதற்கு உரிமை இல்லாதது போலவே, கதை தராத காட்சிகளால் நிரப்புவதற்கும் உரிமை இல்லை. கதை சொல்லியிருப்பதே கடுமையானது: அனுப்பினான், எடுத்தான். தாமாரின் கதையிலும் அந்த முதல் வினை திரும்புகிறது. தாமாரை அம்னோனின் வீட்டுக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்புவது தாவீதுதான் (13:7).

சபையில் உட்கார்ந்திருக்கும் பெண்களை நினைத்துப் பார்த்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மேலதிகாரியால், உறவினரால், சில சமயம் ஊழியராலேயே பாதிக்கப்பட்டவர்கள் அங்கே இருக்கலாம். "அவள் ஏன் அங்கே குளித்தாள்?" என்று மேடையிலிருந்து கேட்கும் கேள்வி அவர்கள் ஏற்கனவே கேட்டுச் சலித்த கேள்வி. வேதாகமம் கேட்காத கேள்வியை வேதாகமத்தின் பெயரால் கேட்பது பெரிய அநியாயம்.

உரியாவுக்கு உண்மை தெரியுமா என்பதும் அப்படியொரு மௌனம்தான். தெரிந்தே ராஜாவைக் குத்திப் பேசினானா, ஒன்றும் தெரியாமல் போர்வீரனின் ஒழுக்கத்தைச் சொன்னானா? மெனாகெம் பெரி, மெயிர் ஸ்டெர்ன்பெர்க் என்ற இரண்டு இஸ்ரேலிய அறிஞர்கள் 1968இல் எபிரெயத்தில் எழுதிய ஆய்வில், இரண்டு வாசிப்புகளுக்கும் கதையிலேயே ஆதாரம் இருப்பதையும், கதை வேண்டுமென்றே இரண்டையும் திறந்து வைத்திருப்பதையும் காட்டினார்கள். தாவீதுக்கும் அது தெரியாது என்பதுதான் விஷயம். இவனுக்குத் தெரியுமோ என்று ராஜா தவிக்கிற அந்த இரவுகளில் வாசகரும் கூடவே தவிக்கிறார். பிரசங்கி ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் அந்தத் தவிப்பு போய்விடும்.

இடைவெளியை நிரப்பும் ஆசை நமக்கு மட்டும் உரியதில்லை. போருக்குப் போகும் வீரர்கள் மனைவிக்கு விவாகரத்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள், ஆகவே தாவீது பாவம் செய்தான் என்று சொல்கிறவன் தவறுகிறான் என்று யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தால்மூதில் ஒரு கருத்து இருக்கிறது. நாளாகமம் அதையும் தாண்டிப் போகிறது. முதலாம் நாளாகமம் 20ஆம் அதிகாரத்தில் ரப்பா முற்றுகை இருக்கிறது, "தாவீது எருசலேமில் இருந்தான்" என்ற வாக்கியம்கூட அப்படியே இருக்கிறது. பத்சேபாளும் உரியாவும் மட்டும் இல்லை. சாமுவேல் புத்தகத்தைக் காத்தவர்கள் தங்கள் மிகப் பெரிய ராஜாவைப் பற்றி இதை அழிக்காமல் கைமாற்றித் தந்தார்கள் என்பது இந்த ஒப்பீட்டில்தான் உறைக்கிறது.

கடைசி வசனத்துக்கு வருவோம். உரியா செத்த செய்தி வந்ததும் தாவீது யோவாபுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புகிறான் (11:25). சொல்லுக்குச் சொல் பார்த்தால், "இந்தக் காரியம் உன் கண்களுக்குப் பொல்லாததாயிருக்க வேண்டாம்; பட்டயம் ஒருவனைப் போலவே இன்னொருவனையும் தின்னும்." தமிழில் அது விசாரப்பட வேண்டாம் என்பதுபோல இயல்பாக வந்துவிட்டது. இரண்டு வசனம் தள்ளி, கதை சொல்பவர் முதல் தடவையாக வாய் திறந்து தீர்ப்புச் சொல்கிறார்: தாவீது செய்த காரியம் கர்த்தரின் கண்களுக்குப் பொல்லாததாயிருந்தது. தாவீது யோவாபுக்குச் சொன்ன அதே சொற்கள்தான். எது பொல்லாதது என்று தீர்மானிக்கும் உரிமையைக்கூட ராஜா எடுத்துக்கொண்டான். அந்த வாக்கியம் அவனிடமிருந்து திரும்ப வாங்கப்படுகிறது. அவன் அலட்சியமாகச் சொன்ன பட்டயமும் 12:10இல் திரும்புகிறது: பட்டயம் உன் வீட்டை விட்டு என்றைக்கும் விலகாது. இந்த ஒரு வரிக்காகத்தான் கதை சொல்பவர் 26 வசனங்கள் பொறுமையாக இருந்தார். பிரசங்கியும் அவ்வளவு நேரம் பொறுத்திருக்கலாம்.

இதற்கெல்லாம் எபிரெயத்தில் புலமை வேண்டுமா என்றால், நான் இல்லை என்பேன். எழுத்துக் கூட்டி வாசிக்கவும், வினையை அடையாளம் காணவும், நல்ல அகராதியைப் புரட்டவும் தெரிந்தால் கதைப் பகுதிகளில் நிறைய தூரம் போகலாம். கவிதையும் தீர்க்கதரிசனமும் வேறு கதை, அவை கடினமானவை. அடுத்த ஞாயிறுக்கான பகுதியை எடுத்து, வினைகளை மட்டும் ஒரு நிறத்தில் கோடிடுங்கள். சங்கிலி உடையும் இடத்தில் ஒரு குறி. ஒவ்வொருவரும் எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறார் என்று ஓரத்தில் எழுதுங்கள். யார் பேசவே இல்லை என்றும் எழுதுங்கள். பின் அதைச் சத்தமாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கூட்டத்தில் எபிரெயச் சொற்களை உச்சரித்துக் காட்டவே வேண்டாம். அது பெரும்பாலும் பிரசங்கியின் படிப்பைத்தான் காட்டும், கதையைக் காட்டாது.

கிறிஸ்தவ ஊழியத்தில் இந்தக் கதை மத்தேயுவின் முதல் அதிகாரத்தோடும் சேர வேண்டும். இயேசுவின் வம்ச வரலாற்றில் மத்தேயு பத்சேபாளின் பெயரைச் சொல்லவில்லை, "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்கிறார். சாமுவேல் புத்தகத்தின் கதை சொல்பவர் பிடிவாதமாகப் பிடித்திருந்த அதே பெயர். சாமுவேலை நிதானமாகப் படித்தவருக்கு மேசியாவின் பட்டியலில் உரியா ஏன் நிற்கிறான் என்று விளக்கத் தேவையில்லை. கதையைத் தாண்டி நேராகக் கிறிஸ்துவுக்கு ஓடிவிடுகிறவருக்கு அந்தப் பெயர் வெறும் பெயர்தான்.

இந்தக் கதையைத் தொடர விரும்புகிறவர் அடுத்து முதலாம் ராஜாக்கள் முதல் அதிகாரத்தை எடுக்கலாம். கிழவனாகிப் போன தாவீதின் அறைக்குள் பத்சேபாள் வருகிறாள். 11:4இல் அவள் "வந்தாள்" என்ற அதே வினைதான். இந்தத் தடவை அவளை அந்த அறைக்குப் போகச் சொன்னது நாத்தான், அவள் வாயில் இப்போது ஐந்து வசனங்கள் (1:17 முதல் 21 வரை). "உன் குமாரன் சாலொமோன் எனக்குப் பின் ராஜாவாவான்" என்று நீர் எனக்கு ஆணையிட்டீரே என்று ஆரம்பிக்கிறாள். அப்படியோர் ஆணையைத் தாவீது இட்டதாக அதற்கு முன் கதையில் எங்கேயும் இல்லை. அவன் உண்மையிலேயே சொன்னானா, மறந்துபோனவனுக்கு நாத்தானும் அவளும் சேர்ந்து நினைவூட்டுகிறார்களா, இல்லை நினைவை உண்டாக்குகிறார்களா? கதை சொல்பவர் இங்கேயும் பதில் சொல்லவில்லை.